தீர்த்தம் தெளித்த பாசி

மீமிசல்
20.10.2024

அன்புள்ள மாலை அக்காவுக்கு,

ராணி எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முட்டி போடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் சொன்னதாக உங்கள் மடத்துத் தாயாரிடம் சொல்.

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஆகஸ்டிலிருந்து மீமிசலில் இருக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு, பதினான்கு வருடத்துக்கு முன்னால், பெண்களுக்குப் பாசி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சிக்கு வந்தேனே, அதே ஊர். இப்போது கடற்புல் ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறேன். கடற்புல் பாசி இல்லை என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வேர், இலை, பூ எல்லாம் உள்ள நிஜப் புல் அது. இங்கே கடல் தாழை என்பார்கள். நண்டு குஞ்சு பொரிப்பதும் கடற்பசு மேய்வதும் அதில்தான். இரும்புச் சட்டம் ஒன்றைக் கடலுக்கடியில் வைத்து, அதற்குள் எத்தனை தாள் புல் இருக்கிறது என்று எண்ணி எழுதுவதுதான் என் வேலை. தண்ணீருக்குள் இரண்டு மணி நேரம், மேலே வந்தால் கம்ப்யூட்டரில் நான்கு மணி நேரம். சில நாள் சாயங்காலம் யாராவது போனில் கூப்பிட்டால் என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கிறது. அன்றைக்கு அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

ஒரே ஒரு ஆள் இருக்கிறாள். மூக்காயி. அந்தப் பழைய பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். வந்த இரண்டாம் நாளே பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சரு! என்னங்க இப்புடி எளைச்சுப் போயிட்டீங்க"ன்னு ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சோறும் காரல் மீன் குழம்பும் வருகிறது. அவளும் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். புருஷன் இல்லை. மகள் இலக்கியா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். மூன்று வருடமாக இன்னும் நாலு பெண்களோடு சேர்ந்து ஆறு மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிறாள். மகளின் படிப்பு அந்த மிதவையில்தான் மிதக்கிறது.

போன வாரம் வடக்குப் பக்கம் கடற்புல்லில் இறங்கியபோது இருக்கக் கூடாத ஒன்றைப் பார்த்தேன். மிதவையில் வளர்க்கிற பாசி. இங்கத்தியது இல்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. கம்பெனிக்காரர்கள் வாங்குவதால் ஊரில் கம்பெனிப் பாசி என்பார்கள். ஈரப் போர்வையை விரித்த மாதிரி புல்லின்மேல் படுத்துக் கிடக்கிறது. தூக்கிப் பார்த்தால் அடியில் புல் கறுத்துச் செத்திருக்கிறது. கொஞ்ச நேரம் அதன் மேலேயே மிதந்துகொண்டிருந்துவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

உனக்கும் மடத்தில் எல்லாருக்கும் என் வணக்கம்.

உன் தங்கை
செல்வராணி


03.11.2024

இயேசுவுக்குப் புகழ்.

என் ராணிக்கு,

மாலை எழுதுவது. நான் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதைவிட வயதான முழங்கால்கள் இங்கே ஆறு ஜோடி இருப்பதால் என் புகார் எடுபடவில்லை. தாயாரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு வழக்கம்போல முட்டி போடச் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸ் வருவதால் இப்போது ராப்பகலாக அப்பம் சுடுகிறோம். எங்கள் பதினோரு பேர் கையால்தான் சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் பூசை அப்பம் போகிறது. மாவு மூக்கில் ஏறித் தும்மித் தும்மி எனக்கு ஜெபமே தும்மலாகிவிட்டது.

மூக்காயிக்கு என் ஆசீரைச் சொல். உனக்குச் சோறு போடுகிறவள் எனக்கும் தங்கைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாசி புல்லின்மேல் எப்படி வந்தது? ஒரு பக்கம் முழுக்க எழுதியவள் அதைமட்டும் எழுதவில்லையே.

எங்கள் சட்டம் உனக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு கடிதம். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் எழுதவும் கூடாது, வந்ததைப் பிரிக்கவும் கூடாது. தாயாரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆகவே டிசம்பரில் என்னை எதிர்பார்க்காதே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பார்வையாளர் அறை திறப்பார்கள். வாயேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். உன்னைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு அலையாதே. சரி, உன் வேலையே அதுதான்.

உன்
மாலை


மீமிசல்
06.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்துகள். நீயும் மற்ற பத்துப் பேரும் சுகமா? நான் சுகம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வரவில்லை. வேலை இருந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேலை இல்லை. அறந்தாங்கி வரை வந்தேன். அங்கே திருச்சி பஸ் நின்றது, ஏறினேன், கண்டக்டர் வருவதற்குள் இறங்கிவிட்டேன். ஏன் என்று கேட்காதே. திரும்பி வந்து மூக்காயி வீட்டில் சாப்பிட்டேன். இலக்கியா லீவுக்கு வந்திருந்தாள். ஊசி போட்டுப் பழகுகிறேன் என்று ஆரஞ்சுப் பழத்தில் குத்திக்கொண்டிருந்தாள்.

வாடைக் காற்றில் கடல் கலங்கிக் கிடக்கிறது. கையை நீட்டினால் விரல் தெரியாது. அப்படியும் சென்னையிலிருந்து டாக்டர் விக்ரம் வந்துவிட்டார். எங்கள் திட்டத்துக்குத் தலைவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். மேப்பை விரித்தார். வருடத்தில் பாதி நாள் தெற்கேயிருந்து காற்று, மிதவைகள் தெற்கே, பாசி வடக்கே. "க்ளியரா இருக்கே மேடம். மெதவையிலேர்ந்து துண்டு ஒடஞ்சு போயிருக்கு" என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் மேப்பைச் சுருட்டிக் கொடுத்தேன்.

வேறு ஒரு விஷயம். உங்கள் மடத்தில் மந்திரித்த பொருள் மிஞ்சிப்போனால் என்ன செய்வீர்கள்? பழைய குருத்தோலை, பீடத்தில் வாடின பூ, அப்படி. குப்பையில் போடுவீர்களா? மண்ணில் புதைப்பீர்களா? அம்மா என்ன செய்வாள் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன். மறக்காமல் எழுது.

அன்புடன்
ராணி


02.02.2025

இயேசுவுக்குப் புகழ்.

ராணிக்குட்டி,

இங்கே எல்லாரும் சுகம். நீ அறந்தாங்கியில் இறங்கிய அன்றைக்கு நான் காலை எட்டு மணிக்கே தலைத்துணியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஐந்துக்கு அறையைப் பூட்டினார்கள். கோபம் இல்லை என்று எழுதினால் அது பாவம். கொஞ்சம் இருந்தது. இப்போது இல்லை.

மந்திரித்ததைப் பற்றிக் கேட்டாய். குருத்தோலையை எரித்துச் சாம்பல் புதனுக்கு வைத்துக்கொள்வோம். பூவைத் தோட்டத்துத் தொட்டியில் விடுவோம். அம்மா நம் ஊர் ஆவூரில் என்ன செய்வாள் என்று உனக்கா ஞாபகமில்லை? மாதா சுரூபத்துப் பூ ஒரு இதழ் கீழே விழுந்தாலும், "கால் படுற எடத்துல போடாதீகடி, தண்ணியில விடுங்க"ன்னு கத்துவாள். ஊரணி வரை நடந்து போய் விட்டுவிட்டு வருவது உன் வேலை. ஒரு முறை பாதி வழியில் கொட்டிவிட்டு வந்தாய். எனக்கும் சேர்த்து அடி விழுந்தது.

ஏன் கேட்டாய்? என் முழங்காலைக்கூட மறந்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறாய். பாசி எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு, விக்ரம் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய். நீ என்ன சொல்கிறாய் என்று எழுதவில்லை.

மார்ச் ஐந்து சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குமுன் ஒரு கடிதம்தான் நான் எழுத முடியும். சீக்கிரம் எழுது.

உன்
மாலை


மீமிசல்
12.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் முழங்காலை மறந்ததற்கு மன்னித்துக்கொள். எப்படி இருக்கிறது?

ஏப்ரல் மூன்றாம் தேதி கூட்டம். மீனவர்கள், அதிகாரிகள், விக்ரம், நான். மிதவைகளை எடுக்கச் சொல்வதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவாகும். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நண்டு வலை போடுகிறவர்கள் மூக்காயியைப் பார்த்து, "ஒங்க பாசியாலதான் எங்க தாழை சாகுது"ன்னு ஏலக்கூடத்திலேயே கேட்டிருக்கிறார்கள். அவள் விடவில்லை. "எங்க மெதவைக்கு அடியில வலை கட்டியிருக்கோம்டா, ஒரு துண்டு விழாது. டீச்சரு சொல்லிக்குடுத்த மாதிரி செய்றோம்"ன்னு சண்டை பிடித்திருக்கிறாள். வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஜூனில் என் வேலையை நிரந்தரமாக்க எழுதியிருப்பதாக விக்ரம் சொன்னார். முப்பத்தொன்பது வயதில் முதல் முறையாக.

உனக்கு மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். இந்த அரைப் பக்கம்தான் மிச்சம்.

ராணி


02.03.2025

இயேசுவுக்குப் புகழ்.

ராணி,

கிழித்த மூன்று பக்கத்தில் என்ன இருந்தது? எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

ஆனால் புதன்கிழமைக்குமேல் வருவது அலமாரிக்குப் போய்விடும். தாயாரிடம், தங்கைக்கு ஏதோ கஷ்டம் போலிருக்கிறது, ஒரே ஒரு கடிதம் மட்டும் பிரிக்கலாமா என்று கேட்டேன். சாவா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் ஈஸ்டர் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சட்டம் அப்படி.

வேளைக்குச் சாப்பிடு.

மாலை


மீமிசல்
12.03.2025

அக்கா,

சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இதை நீ ஏப்ரல் இருபதாம் தேதிதான் படிப்பாய். அதனால்தான் எழுத முடிகிறது.

2010 ஜூலை. பயிற்சித் தொடக்கத்துக்குப் பக்கத்துப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஜெபம் சொல்லிவிட்டு, விதைக்காகக் கொண்டுவந்திருந்த பாசி மூட்டைகளுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். மூக்காயியும் மற்ற பெண்களும் சேலைத் தலைப்பை நீட்டித் தங்களுக்கும் தெளித்துக்கொண்டார்கள்.

கடைசி நாள், அந்த விதையிலிருந்து வளர்ந்ததில் இரண்டு சாக்குப் பாசி மிச்சம். என்ன செய்ய வேண்டும்? கரையில் காயவைத்து மணலில் ஆழமாகப் புதைக்க வேண்டும். ஒரு விரல் நீளத் துண்டு கடலில் விழுந்தாலும் அது தானாக வளரும், நம் ஊர்ப் புல்லைக் கொல்லும். ஆறு மாதமாக அந்தப் பெண்களுக்கு இதை நாள் தவறாமல் சொன்னவளே நான்தான். ஆனால் அது மந்திரித்த பாசி. அந்தக் கரையில் நாய் படுத்திருந்தது, மீன் குடல் கிடந்தது, ஆட்கள் மிதித்துக்கொண்டு போனார்கள். அங்கே குழி வெட்டிப் போடக் கை வரவில்லை. அம்மா பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. படகோட்டி ஐயனாரிடம், "கொஞ்சம் வடக்க விடுங்கண்ணே"ன்னு சொன்னேன். கடல் தாழையின்மேல் நிறுத்தி இரண்டு சாக்கையும் கவிழ்த்தேன். சிலுவை போட்டுக்கொண்டேன். பாவம் செய்கிறேன் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை அக்கா, புண்ணியம் செய்கிற மாதிரிதான் இருந்தது.

கரையில் மூக்காயி நின்றாள். "சாக்கு காலியா இருக்கே, பொதச்சாச்சா டீச்சரு?" என்றாள். ஆச்சு என்றேன். இரண்டு நாளில் ஊரைவிட்டுப் போனேன். அடுத்து வந்த புயலில் மிதவைகள் சிதறி அந்தக் குழுவே கலைந்தது. அப்புறம் இந்த ஊரில் பதினோரு வருடம் யாருமே பாசி வளர்க்கவில்லை. ஆனால் 2016இல் இங்கே வந்துபோன ஒருவரின் குறிப்பில், வடக்குப் பக்கம் புல்லின்மேல் "தடித்த பாசி" என்று ஒரு வரி இருக்கிறது. அப்போது மூக்காயியிடம் மிதவையே இல்லை. நான் கவிழ்த்த இடத்தில்தான் இன்றைக்கும் அது கனமாகக் கிடக்கிறது. அக்டோபரில் அதன்மேல் மிதந்தபோதே தெரிந்துவிட்டது.

ஐயனார் செத்து எட்டு வருடம் ஆகிறது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூக்காயியின் மிதவை போகும். இலக்கியாவின் படிப்பு நின்றாலும் நிற்கும். எனக்கு வேலை நிலைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அவள் மறுநாளும் எனக்குச் சோறு கொண்டுவருவாள். சொல்லிவிட்டால் மிதவை தப்பும், ஆனால் அந்தத் தூக்குவாளி வராது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அவளைத் தவிர இங்கே யாரும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

ராணி


மீமிசல்
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதுவும் அலமாரிக்குத்தான். உன் முழங்காலை மறக்கவில்லை.

நாலு நாளாகக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. மூக்காயி பகலெல்லாம் இங்கேயே இருந்தாள். மிதவையில் பாசி அறுக்கிற வாரம் அது. மற்ற பெண்களிடம் விட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இலக்கியாவிடம் போனில் கேட்டு, மாத்திரை அட்டையில் காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு இரண்டு என்று கரிக்கட்டையால் கோடு போட்டு வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நேற்று என் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "வியாழக்கெழம கூட்டத்துல நீங்க சொன்னா கேப்பாங்கல்ல டீச்சரு? எங்க மெதவை இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தச் சென்னைக்காரரு என்னத்தக் கண்டாரு. ஒங்களுக்குத்தான தெரியும்." தெரியும் என்றேன். அவள் நிம்மதியாக மிச்சத் தலையையும் துவட்டினாள்.

இன்று கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று நினைத்தேன். சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டால் அதோடு சரியாகிவிட்டது என்று நான் எழுந்து வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். போகவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். "சொல்லிவிடு" என்பாய். நீ கன்னியாஸ்திரி, வேறு என்ன சொல்வாய்?

ராணி


மீமிசல்
05.04.2025

அக்கா,

உடம்பு தேவலை. சொல்லிவிட்டேன்.

ஊராட்சி மண்டபத்தில் கூட்டம். ஐம்பது பேர் இருப்பார்கள். மூக்காயியும் நாலு பெண்களும் பின் வரிசையில் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். விக்ரம் திரையில் படம் போட்டார். மிதவையிலிருந்து புல்லுக்கு ஒரு சிவப்பு அம்பு. பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, "லோக்கல்ல இருக்கிறவங்க நீங்க, ஏதாவது சொல்லணுமா?" என்றார். எழுந்தேன். சாமியார், தீர்த்தம், சாக்கு, ஐயனார் படகு, எல்லாம் சொன்னேன். 2016 குறிப்பையும் படித்தேன். மந்திரித்தது என்று சொன்ன இடத்தில் முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். விக்ரம் என் பக்கம் குனிந்து, "மேடம், யாரும் கேக்கலையே, எதுக்கு இது?" என்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

நான் சொன்னதும் மிதவை தப்பிவிடும் என்று நினைத்தேன் அக்கா. அத்தனை படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. அதிகாரி நல்ல மனிதர்தான். டீயை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "யார் போட்டாலும் பாசி பாசிதாம்மா. இவ்வளவு பரவும்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. இனி இந்தக் கரையில ஒரு துண்டுகூட விட முடியாது." விசாரணை முடியும்வரை மிதவை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும் போல.

வெளியே ஓடினேன். மூக்காயி பஸ்ஸுக்கு நின்றாள். மற்ற பெண்கள் என்னைத் திட்டினார்கள், அதை எழுத முடியாது. அவள் திட்டவில்லை. என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் கேட்டேன்ல. பொதச்சாச்சான்னு கேட்டேன்ல. ஆச்சுன்னீங்க"ன்னு மட்டும் சொன்னாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நேற்றும் இன்றும் தூக்குவாளி வரவில்லை. வராது என்று தெரிந்தும் ஒரு மணிக்கு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணி


21.04.2025

உயிர்த்த ஆண்டவருக்குப் புகழ்.

என் தங்கமே,

நான் சுகம். நீ சாப்பிட்டாயா? ஈஸ்டர் என்பதால் முதல் ஞாயிறு வரை காத்திருக்காமல் எழுதத் தாயார் விட்டார்கள்.

நேற்று பூசை முடிந்ததும் தாயார் அலமாரியைத் திறந்து மூன்று கவரையும் என் கையில் கொடுத்தார்கள். உன் கையெழுத்து ஒன்றைவிட ஒன்று கோணலாக இருந்தது. தேதி பார்த்து முதல் கடிதத்தைப் பிரித்தேன். படித்து முடித்ததும் மற்ற இரண்டையும் பிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து பதினேழு நாள் ஆகிவிட்டது என்பதே மறந்துபோய், உடனே பேப்பரை எடுத்து உனக்குப் பதில் எழுதினேன். ஒரு பக்கம் எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "சொல்லாதே" என்று எழுதினேன். அறியாமல் செய்தது பாவம் இல்லை, ஆண்டவருக்குத் தெரியும், அது போதும், மூக்காயி மகள் படிப்புக்கு நாம் வேறு வழி பார்ப்போம், வாயைத் திறக்காதே என்று எழுதினேன். அடிக்கோடு வேறு போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அடுத்ததைப் பிரித்தேன். "நீ கன்னியாஸ்திரி, வேறு என்ன சொல்வாய்" என்று எழுதியிருந்தாய். சாப்பாட்டு மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. ஈஸ்டர் அன்று சாப்பாட்டுக்கு வராதவள் இருபது வருடத்தில் நான் ஒருத்திதான்.

ராணி, நீ நல்லவளாக இருப்பதைவிட, நீ தனியாக இல்லாமல் இருப்பது எனக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நீ என்னைக் கேட்டிருந்தால், நான் உன்னைத் தடுத்திருப்பேன். தவக்காலம் வந்து என் வாயைக் கட்டியது. அதற்கு நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தேன்.

மந்திரித்ததைத் தண்ணீரில் விடு என்று உனக்குச் சொன்னவள் அம்மா மட்டும் இல்லை. பாதி வழியில் கொட்டிவிட்டு வந்த அன்று, அடி வாங்கிய கையோடு உன் கையைப் பிடித்து ஊரணிக்குத் திரும்பக் கூட்டிப்போனவள் நான். அந்தச் சாக்கில் என் கையும் இருந்தது. இதை உன் பாரத்தைக் குறைக்க எழுதவில்லை, குறையாது என்று தெரியும்.

மூக்காயிக்காக ஜெபிக்கிறேன். அவளிடம் போ. அவள் கதவைச் சாத்தினாலும் போ.

உன்
மாலை


மீமிசல்
11.05.2025

அன்புள்ள மாலை அக்காவுக்கு,

சுகம். சாப்பிடுகிறேன், நானே சமைக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்லாதே என்று எழுதியிருப்பாய் என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ உன்மேல் பிரியம் அதிகமாகிவிட்டது. ஆனால் நல்ல வேளை, அது அலமாரிக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

மூக்காயி வீட்டுக்கு மூன்று முறை போனேன். கதவைச் சாத்தவில்லை. திறந்தே இருந்தது. நான் நிற்க நிற்க அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இலக்கியா படிப்பை நிறுத்தவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். என் வேலையைப் பற்றி ஜூனுக்குப் பிறகு பார்க்கலாம் என்று விக்ரம் மெயில் அனுப்பினார்.

புல்லின்மேல் கிடக்கிற பாசியைக் கையால் எடுக்க ஆள் வேண்டும் என்று தினக்கூலிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். மிதவை போன பெண்கள்தான் வந்தார்கள். மூக்காயியும் வந்தாள். பாசி உடையாமல், புல் வேர் அறாமல், ஒரு துண்டும் மிதந்து போகாமல் எடுக்க வேண்டும். அவளைப் போல யாருக்கும் வரவில்லை. படகில் நான் ஒரு ஓரம், அவள் மறு ஓரம். வேலையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வாள். "இது சரியா மேடம்" என்பாள். டீச்சரு இல்லை, மேடம்.

நேற்று ஒன்பதாம் நாள். எடுத்த பாசியைக் கரையில் காயப்போட்டு, ஆள் உயரம் குழி வெட்டிப் புதைத்தோம். மற்றவர்கள் கை கழுவப் போனார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் குழி ஓரத்தில் நின்றோம். இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்ததை எடுத்து, "மூக்காயி, நான் அன்னைக்கு ஒன்கிட்ட பொய் சொல்லியிருக்கக் கூடாது. இப்பவாவது உண்மையச் சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையிலிருந்த மண்வெட்டியை மணலில் ஊன்றினாள். கூட்டத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"உண்மையச் சொன்னீங்க மேடம். மெதவை நின்னுச்சா? நிக்கல. நீங்க வாயத் தெறக்காம இருந்திருந்தாலும் அது போயிருக்கும். ஆனா எனக்கு நீங்களாவது மிஞ்சியிருப்பீங்க. இப்ப நான் யாருகிட்டப் போயி ஒக்காந்து சோறு திங்கிறது?"

இதுவரை எனக்கு யாரும் இல்லை என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை அக்கா.

ராணி